மென்பொருளுக்கு ஒரு நன்னடத்தைச் சான்று

"மழைக்கு மேல ஆபீசர் யாரும் இல்லியாக்கா?"

போடியில் ஓய்வுநாள் பள்ளி நடத்தும் எப்சிபாவிடம் ஏழு வயதுப் பிரின்சி ஒருமுறை இப்படிக் கேட்டாள். நல்லவர் வயல், கெட்டவர் வயல் என்று பார்க்காமல் மழை பெய்கிறது என்பது அன்றைய பாடம். மற்றப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மிட்டாய்க்குக் கை நீட்டின. பிரின்சிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அவள் அப்பா ஓர் அலுவலகத்தில் ஃபைல் சுமப்பவர். யார் கையெழுத்தும் இல்லாமல் ஒரு காரியம் நடக்கும் என்று அந்த வீட்டில் எவரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

"இல்ல பிரின்சி," என்று சொல்லிவிட்டு எப்சிபா அதை மறந்துபோனாள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனிச் சாரலில், தேனியில் கம்பம் பள்ளத்தாக்கு நீர்முறை வாரியத்தின் படியேறியபோதுதான் அந்தக் கேள்வி அவளைத் தேடி வந்தது.

வாய்க்கால் தண்ணீர் எந்த நாளில் யார் வயலுக்குப் போகவேண்டும் என்று முறை வகுத்து, அதற்கு ஒரு சீட்டுக் கொடுப்பது வாரியத்தின் வேலை. சீட்டைக் காட்டினால் வாய்க்கால்காரர் மடையைத் திறப்பார். அதுவரை கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருஷம் முதல் கையெழுத்துச் சீட்டு செல்லாது, கணினிச் சீட்டுத்தான் செல்லும் என்று ஆணை வந்தது. கணினிச் சீட்டு எப்போது வரும் என்று ஆணையில் இல்லை. அது வேறு பிரிவின் வேலை.

அந்தச் சீட்டை அச்சிடும் மென்பொருளை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதியவள் எப்சிபா. மதுரை ரோட்டில் டயர் கடைக்கு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. வாரியத்தின் சர்வர் அறையில் கம்பெனி ஒத்திகைக்காகக் கொண்டுவந்து போட்ட பழைய கம்ப்யூட்டரில், இலவசமாகக் கிடைக்கும் டாம்கேட் என்ற சர்வர் நிரலை நிறுவி, அதில் மென்பொருளை ஏற்றிப் பார்த்தாள். தடதடவென்று சீட்டு அச்சாகி வந்தது. வந்ததுதான் வினையாயிற்று. இலவசமாகக் கிடைத்த ஒன்றில் வாரியத்தின் வேலை நடப்பது வாரியத்தின் கண்ணியத்துக்கு உகந்ததல்ல என்று யாரோ குறிப்பு எழுதினார்கள். வாரியத்துக்கென்று சொந்தச் சர்வர்கள் இருந்தன. மார்ச் மாதம் வந்து, ஒதுக்கிய நிதி செலவாகாமல் கிடந்தால், வாரியம் ஒரு சர்வர் வாங்கும். அப்படி மூன்று சேர்ந்திருந்தன. மூன்றும் மூன்று கம்பெனி. மூன்றாவது இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

மென்பொருள் என்பது ஒரே ஒரு ஃபைல். அதை எடுத்து பழைய கம்ப்யூட்டரிலிருந்து வாரியத்தின் சர்வரில் வைத்து, அந்தச் சர்வரின் வழக்கத்துக்கு ஏற்ப நாலு வரி மாற்ற வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டுப் போடி பஸ் ஏறிவிடலாம் என்று எப்சிபா கணக்குப் போட்டிருந்தாள்.

பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் விஜயபாண்டி அவளை உட்காரச் சொன்னார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. குரலில் கடுமை கிடையாது. விதி தெரிந்தவர்களுக்குக் கடுமை தேவைப்படுவதில்லை.

"ஏம்மா, இது பொருளா, பணியாளரா?"

"எது சார்?"

"நீ கொண்டு வந்திருக்கது. வாரியத்துல ரெண்டுக்குத்தான் விதி இருக்கு. பொருள்னா மேல பெயிண்ட்ல நம்பர் எழுதணும். இதுமேல எங்கன எழுத?"

"எழுத முடியாது சார். இது தொட முடியாதது."

"அப்ப பொருள் இல்ல. வேலை செய்யுமா?"

"செய்யும் சார்."

"பணியாளர்," என்று விஜயபாண்டி மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். "பணியமர்த்தல் படிவம் போடுவோம். தகப்பன் பேரு?"

"நான்தான் சார் எழுதினேன்."

"அப்ப தாய் எப்சிபா. தகப்பன் இடத்துல கோடு போட்டுருதேன். நீ ஒண்ணும் சங்கடப்படாத. இப்ப அதெல்லாம் யாரும் கேக்குறதில்ல."

எப்சிபாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிவம் போடிப் பக்கம் வந்துவிடக்கூடாதே என்று மட்டும் அவள் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டாள்.

"உள்ளூர்ல நிலம் வச்சிருக்க ஒருத்தர்கிட்ட நன்னடத்தைச் சான்று வாங்கிட்டு வா. அது இல்லாம யாரையும் உள்ள விடுறதில்ல."

தேனியில் எப்சிபாவுக்குத் தெரிந்த நிலக்காரர் யாரும் இல்லை. வராந்தாவுக்கு வந்து நின்றாள். சாரலில் துப்பட்டா நனைந்திருந்தது. கண்ணும் கொஞ்சம் நனைந்துவிட்டது. பெஞ்சில் சீட்டுக்காக உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவளைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த சங்கிலியம்மாள். புருஷன் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தார். நாற்று விட்டு, தொழியடித்து வயலைச் சேறாக்கத் தண்ணீருக்குக் காத்திருந்தாள்.

"எதுக்கு ஆத்தா அழுகுற?"

எப்சிபா சொன்னாள். சங்கிலியம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது திருடுமா?"

"திருடாதுக்கா."

"பொய் சொல்லுமா?"

எப்சிபா யோசித்தாள். "நாம தப்பாச் சொல்லிக் குடுத்தா, அதையே திருப்பிச் சொல்லும்."

"அது எம்மகனுந்தான் சொல்லுவான். கொண்டா, எங்கன வைக்கணும்?"

மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, பார்த்தே இராத ஒன்றுக்கு அவள் நல்ல பெயர் கொடுத்தாள். விஜயபாண்டி சான்றை வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை அதன்பிறகு வாசித்துக் காட்டினார். பணியாளர் தவறிழைத்தால் சான்றளித்தவரும் பொறுப்பு. முன்னாலேயே வாசித்திருக்கலாமே என்று எப்சிபா கேட்டாள். முன்னால் வாசித்தால் யாரும் கைநாட்டு வைப்பதில்லை என்று அவர் உள்ளதைச் சொன்னார்.

புதுப் பணியாளரை நேராகத் தலைமையிடத்தில் போடக்கூடாது என்பது விதி. ஆகவே மென்பொருள் முதலில் கணக்குப் பிரிவின் சர்வரில் பணியேற்றது. சர்வர் அறையில் ஏசி நடுங்க வைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகை இருந்தது. எப்சிபா வெறுங்காலோடு நின்று ஃபைலை ஏற்றினாள். மென்பொருள் எழுந்தது. ஆனால் அந்தச் சர்வருக்குத் தமிழ் எழுத்து பழக்கமில்லை. விவசாயிகளின் பெயர்கள் அனைத்தும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்தன.

ஆவணத்தில் இருப்பதே உண்மை என்பதால் அவற்றைக் கணக்குப் பிரிவு ஏற்றுக்கொண்டது. மார்க்கையன்கோட்டை, திரு. கேள்விக்குறி, தகப்பன் பெயர் கேள்விக்குறி என்று ஒரு கடிதமும் தபாலில் போனது. வாரியத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை என்ற குறை அன்றோடு தீர்ந்தது.

"ஒரு வரி மாத்துனாப் போதும் சார், பேரெல்லாம் சரியா வந்துரும்."

"பேர மாத்தணும்னா அரசிதழ்ல விளம்பரம் குடுக்கணும்மா. ஆளாளுக்குத் தனித்தனியா," என்றார் விஜயபாண்டி. பிறகு அவள் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு வழி சொன்னார். "இங்கன விட்டுட்டு, பணியிட மாறுதல்ல எங்க பிரிவு சர்வருக்கு வந்துரு. மாறுதல்ல வாறவுகளுக்குப் பழைய குத்தம் கூட வராது."

மாறுதல் ஆணை வந்தது. விடுவிப்பு ஆணை வந்தது. புது இடத்தில் சேர்வதற்கான காலம் என்று ஒன்று உண்டு. சாமான்களைக் கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, வீடு பார்த்துக் குடியேறுவதற்காகப் பெரியவர்கள் வைத்தது. அந்தக் காலம் முழுக்க மென்பொருள் எங்கும் வேலை செய்யக்கூடாது. இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் ஒரு பீரோ இருந்தது. எப்சிபா தினமும் வந்து, பீரோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

வராந்தா பெஞ்சில் சங்கிலியம்மாளும் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, பய இன்னும் வரலையா?"

"வழியில இருக்கானாம்கா."

"நாத்து நிக்க மாட்டேங்குது ஆத்தா. வேரு இறங்கி முத்த ஆரம்பிச்சிருச்சு. ஆத்துல தண்ணி போகுது. வாய்க்கால்லயும் போகுது. மடைக்கு மட்டும் பூட்டு. எங்க வயலத் தாண்டிப் போறப்ப அந்தத் தண்ணியே வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சுகிட்டுப் போற மாதிரி இருக்கு." தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றில் பாதியை மூடியில் போட்டு எப்சிபாவிடம் நீட்டினாள். "நீ மொதல்ல சாப்பிடு. தாய்க்காரி பட்டினி கெடந்தா புள்ள எப்படி வேலைக்குப் போவான்."

சேரும் காலம் முடிந்து, பணியமைப்புப் பிரிவின் சர்வரில் மென்பொருள் ஏறியது. அங்கே பெயர்ப் பட்டியல் வைத்திருந்த இடத்துக்கு வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். பழைய பெயரைச் சொல்லித் தேடிப் பார்த்து, கிடைக்காமல், மென்பொருள் நின்றுவிட்டது. எப்சிபா இரண்டு சொல்லைத் திருத்துவதற்குள் குறிப்பாணை வந்துவிட்டது. அனுமதியின்றிப் பணிக்கு வராததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சம்பந்தப்பட்ட பணியாளரே விளக்கம் தரவேண்டும், தாய் தரக்கூடாது.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நின்றுபோகும்போது மென்பொருள் தானே கக்கியிருந்த பிழைச் செய்தியை அப்படியே அச்சிட்டு ஆறு பக்கம் கொடுத்தாள். விஜயபாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுதும் வாசித்தார். இங்கிலீஷில் இருந்தது. வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்தது.

"எனக்கு இவன் சரியாக் குடுக்கல, அவனுக்கு அவன் குடுக்கல, அவனுக்குக் கீழ இருக்கவன் குடுக்கலன்னு, கடைசி வரி வரைக்கும் அடுத்தவன் மேலதான் போட்டிருக்கான். ஒரு எடத்துல கூடத் தான் செஞ்சேன்னு ஒத்துக்கல." காகிதத்தை மரியாதையோடு மடித்தார். "நல்லா வருவான்ம்மா. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு விளக்கம் நான் பார்த்ததில்ல."

மெச்சினாலும் விதி விதிதான். விசாரணை முடியும்வரை மென்பொருள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் பணியாளருக்குப் பாதிச் சம்பளம்தான். மென்பொருள் சம்பளம் வாங்கவில்லையே என்று எப்சிபா சொன்னாள். அதற்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று கேட்டார்கள். நினைவகம் என்றாள். அதைப் பாதியாகக் குறைத்தார்கள். பாதி நினைவகத்தில் அது ஒருமுறை எழுந்து, இரண்டு ஊர்ப் பெயரைச் சொல்லி, மூச்சு முட்டி விழுந்தது. பணிநீக்கக் காலத்தில் பணியாற்ற முயன்றதாக இன்னொரு குறிப்பாணை வந்தது.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சான்றளித்தவர் பொறுப்பு என்ற பொடி எழுத்தும் அன்றைக்குத்தான் கண் விழித்தது. சீட்டு வழங்கத் தொடங்கும்போது, மார்க்கையன்கோட்டை சங்கிலியம்மாளின் சீட்டை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே தடைக்குறி போடத் தெரிந்தவள் எப்சிபா ஒருத்திதான். அவளையே போடச் சொன்னார்கள். விஜயபாண்டி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போட்டாள்.

வராந்தாவுக்குப் போய்ச் சங்கிலியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். சங்கிலியம்மாள் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

"போட்டவ நீயா?"

"நான்தான்க்கா."

"சரி, சொல்ற வேலையத்தான செய்ய முடியும். அவனும் அப்படித்தான், நீயும் அப்படித்தான்." பிறகு சொன்னாள், "எனக்குத் தெரிஞ்சு அவன் நல்ல பயதான். ஆபீசு சரியில்ல."

எப்சிபா தலைமை நிர்வாகி ஆதித்தனைப் பார்க்கப் போனாள். பெரிய மேஜை, பெரிய மனிதர். அவள் சொன்னதை அவர் மறுக்கவே இல்லை. எழுந்து நின்று, ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துப் பேசினார். மேடை இல்லாத இடத்திலும் அவருக்கு மேடைக் குரல்தான் வரும்.

"மகளே, தண்ணீர் எங்கே போகிறது? கடலுக்கா? வைகை அணைக்குத்தானே போகிறது. பத்திரமாக இருக்கும். இந்த வாரியம் அமைந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட முறைதவறி வயலுக்குப் போனதில்லை. இந்த ஆண்டு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. தவறு நடக்கவே வழியில்லாத முதல் ஆண்டு இது. நாற்று காய்கிறது என்கிறாய். அடுத்த ஆண்டும் நாற்று விடலாம். விதியை ஒருமுறை மீறினால், அடுத்த ஆண்டும் விதி விட முடியுமா?"

மழைக்கு மேல ஆபீசர் இல்லையா என்று கேட்ட பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லியிருக்கலாம் என்று எப்சிபாவுக்குத் தோன்றியது.

ஆதித்தன் இரக்கமில்லாதவர் அல்லர். மூன்றாவது சர்வரைத் திறந்து வைக்கச் சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார். அந்த மேடையிலேயே மென்பொருளின் பணிநீக்கம் ரத்தாகி, பதவி உயர்வோடு புதுச் சர்வரில் அமர்த்தப்படும் என்றார். விவசாயிகள் அன்றைக்கு வந்து சீட்டு வாங்கிக்கொள்ளலாம். சான்றளித்தவர் மீதான தடை மட்டும் விசாரணை அறிக்கை வரும்வரை இருக்கும்.

திறப்புவிழா நாளில் பந்தல் போட்டு, வாழை கட்டி, பள்ளத்தாக்கு முழுக்க விவசாயிகள் வந்துவிட்டார்கள். சங்கிலியம்மாளும் வந்தாள். இன்றைக்குச் சீட்டுக் கிடைக்காவிட்டால் நாளைக்கு நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போடவேண்டியதுதான், கிடைக்காது என்று தெரியும், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்றாள்.

புதுச் சர்வரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தபோது அதன் பிளக் பெரியது, சுவரில் இருந்த ஓட்டை சின்னது என்று தெரிந்தது. சுவரை உடைக்கப் பொறியியல் பிரிவின் அனுமதி வேண்டும். ஆகவே பிரமுகர் அமுக்கும் சுவிட்சைச் சர்வருக்குப் பதிலாக, சர்வரைச் சுற்றிக் கட்டியிருந்த சீரியல் பல்புக்குக் கொடுத்தார்கள். பல்புகள் சிவப்பும் பச்சையுமாக விட்டு விட்டு எரிந்தன. உள்ளே ஏதோ பலமாக நடப்பதுபோல இருந்தது. மேஜையோடு அதைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பந்தலுக்குப் போனார்கள்.

சர்வர் அறையில் யாரும் இல்லை. எப்சிபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மூலையில் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. கழிக்கப்பட்ட பொருள் என்று பெயிண்ட்டில் எழுதி, மேலே துணி போர்த்தி, துணிமேல் பூச்சாடி வைத்திருந்தார்கள். அவள் பூச்சாடியை இறக்கி வைத்தாள். துணியை விலக்கிப் பட்டனை அழுத்தினாள். முனகிக்கொண்டே எழுந்தது. டாம்கேட்டை ஓடவிட்டு, அந்த ஒரே ஃபைலை, பெயர்ப் பட்டியலோடு, அதற்குரிய இடத்தில் வைத்தாள். அது விடுவிப்பு ஆணை கேட்கவில்லை, தகப்பன் பெயர் கேட்கவில்லை. ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் நல்ல தமிழில் வந்து நின்றன.

வெளியே ஒலிபெருக்கியில் ஆதித்தன் பேசத் தொடங்கியிருந்தார்.

"இந்த இயந்திரத்துக்குக் களைப்பில்லை. பசியில்லை. யாருக்கும் தயவு காட்டத் தெரியாது. அந்த வகையில் இது நமது வாரியத்தின் இலட்சியப் பணியாளர்."

கைதட்டல் கேட்டது. எப்சிபா அச்சு இயந்திரத்தைத் தட்டிவிட்டாள். சீட்டுகள் ஊர் ஊராக இறங்கின. மார்க்கையன்கோட்டை வந்தபோது ஒரு பெயரில் தடைக்குறி நின்றது. அவள் போட்ட குறிதான். அதை அழிக்கக் கீபோர்டில் இரண்டு விசை தட்டினால் போதும். கதவைத் திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகச் சாரல் காற்று வந்துகொண்டிருந்தது, வேறு யாரும் வரவில்லை. அழித்தாள்.

அந்த இடத்தில் பார்த்து ரிப்பன் சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து, மை ரிப்பனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நகர்த்தினாள். தடதடத்துக்கொண்டு சங்கிலியம்மாள் பெயர் வந்தது. எழுத்து ஒன்றும் கலையவில்லை.

சீட்டுக் கட்டுகளை ஊர்வாரியாகப் பிரித்து, வழங்கும் ஜன்னலில் வழக்கமாக வைக்கும் தட்டில் வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துத் துணியைப் போர்த்தி, பூச்சாடியை அது இருந்த வட்டத் தடத்தின் மேலேயே திரும்ப வைத்தாள். பின்வாசல் வழியாகப் போய்ப் பந்தலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தபோது பிரமுகர் சுவிட்சை அமுக்கினார். பல்புகள் எரிந்தன. ஜன்னலில் சீட்டுகள் இருக்கின்றன என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். எவ்வளவு வேகம் என்று பிரமுகர் வியந்தார். ஆதித்தன் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

விஜயபாண்டி சீட்டுகளை வாங்கி, பெயர் வாசித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். சங்கிலியம்மாள் சீட்டில் ஒரு கணம் நின்றார். தடை இருக்கிறவருக்குச் சீட்டு எப்படி வந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கணினி கொடுத்துவிட்டது. கணினிச் சீட்டுத்தான் செல்லும் என்பது ஆணை. பெயரை வாசித்தார்.

சங்கிலியம்மாள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே பந்தல் மேடைக்குப் போனாள். பல்பு கட்டிய சர்வரைக் கன்னம் வழிப்பதுபோல் இரண்டு கையாலும் தடவி, நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள். தலையில் இருந்த பூவில் ஒரு கிள்ளு கிள்ளி அதன் மேல் வைத்தாள். பிறகு எப்சிபாவிடம் வந்தாள்.

"பாத்தியா ஆத்தா. நம்ம பய வேலைக்கு வந்துட்டான்."

"ஆமாக்கா."

"கைநாட்டு வச்சது வீண்போகலைல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ஆமாக்கா, சொன்னீக."

"வெரசாப் போகணும். பொழுதுக்குள்ள மடையத் திறந்துட்டா நாளைக்கு நடவுக்கு ஆள் சொல்லிருவேன்." நாலு எட்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா," என்றாள் எப்சிபா. மை அப்பியிருந்த கட்டைவிரலைத் துப்பட்டாவுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, சங்கிலியம்மாள் ஏறிய சின்னமனூர் பஸ் கிளம்பும்வரை நின்றிருந்தாள்.